விடியக்காலை நாலரை மணி ஆட்டம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிறபோக்கில், அமெரிக்க ஆட்டமான பேஸ்பாலும் அதன் ஸ்கோர் பதிவும் எனக்குப் பிடிக்கும் என்று நாலு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் மற்ற கேள்விகளையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டன. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். திட்டியவர்களுக்கும் இடம் உண்டு.

கே: சார், தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு பேஸ்பால் ரசிகன் என்கிறீர்களே, ஊரில் நாலு பேருக்காவது அந்த ஆட்டம் தெரியுமா? வெறும் பந்தாதானே?
(ஒரு வாசகர், பென்னாகரம்)

ப: நாலு பேருக்குத் தெரிந்தால் எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் பந்தா காட்ட இதைவிடச் சுலபமான வழிகள் இருக்கின்றன, இதற்குத் தூக்கம் கெட வேண்டும். நியூயார்க்கில் இரவு 7 மணிக்கு ஆரம்பிக்கிற ஆட்டம் நமக்கு விடியக்காலை நாலரை. பால்காரர் வண்டிச் சத்தமும் முதல் பந்தும் சேர்ந்தே வரும். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆட்டம் என்றால் காலை ஏழரை, அது பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற நேரம், வீட்டில் பார்க்க விடமாட்டார்கள்.

அக்கா மகன் அட்லாண்டாவுக்கு வேலைக்குப் போன புதிதில் போனில் இதைப் பற்றியே பேசுவான், அப்படி ஒட்டிக்கொண்டது. எனக்குப் பிடித்த விஷயம் அதன் நிதானம். அங்கே உச்ச லீக்கான மேஜர் லீக்கில் 30 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் வருஷத்துக்கு 162 ஆட்டம், கோப்பை வாங்குகிற அணிகூடப் பெரும்பாலும் 60 ஆட்டத்துக்கு மேல் தோற்றிருக்கும். நேற்றுத் தோற்றதற்கு இன்றைக்கு ஒப்பாரி வைக்க நேரமில்லை, சாயங்காலம் அடுத்த ஆட்டம் வந்துவிடும். நம் ஆட்கள் ஒரு மேட்ச் தோற்றால் டிவியை உடைக்கிறோம்.

கே: அண்ணா, கிரிக்கெட் மட்டும் தெரிந்தவனுக்குப் புரிகிற மாதிரி ஆட்டத்தைச் சொல்லுங்கள். வலையில் தேடினால் தலை சுற்றுகிறது.
(கல்லூரி மாணவர், ஓசூர்)

ப: பக்கத்துக்கு 9 பேர், மொத்தம் 9 இன்னிங்ஸ், ஒவ்வோர் இன்னிங்ஸிலும் 3 அவுட்டோடு உங்கள் முறை முடிந்தது. அடித்தவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். 90 அடிக்கு ஒன்றாக நாலு மூலை, மூலைக்குப் பேர் பேஸ், மற்ற மூன்று பேஸையும் தொட்டுச் சுற்றிக்கொண்டு நின்ற இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ரன், பாதி வழியில் மாட்டிக்கொண்டால் கணக்கில் சேராது. எறிகிறவர் பிட்சர், 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து எறிவார். நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி, அதைவிடக் கிட்டத்தில் நிற்கிறார். பந்து தரையில் குத்தாது, அதாவது எல்லாமே ஃபுல் டாஸ். ஃபுல் டாஸ்தானே, வெளுத்துவிடலாம் என்று தோன்றும். மட்டை உருண்டை, பந்து மணிக்கு 150 கிலோமீட்டரில் வந்து கடைசி நொடியில் கீழே இறங்கும் அல்லது பக்கத்தில் ஒதுங்கும், அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய அரை நொடிகூடக் கிடையாது. அடிக்க வாகாக வந்த பந்தை விட்டாலோ, வீசித் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். பிட்சர் நாலு பந்தை அடிக்க வாகான இடத்துக்கு வெளியே போட்டு பேட்டரும் அதைத் தொடாமல் விட்டுவிட்டால், சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். இவ்வளவு தெரிந்தால் பார்க்க ஆரம்பிக்கலாம், மற்றது பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். பத்துக்கு மூன்று முறை அடித்துப் பேஸில் சேர்ந்தாலே அவர் பெரிய ஆட்டக்காரர். பத்துக்கு நாலு, அதாவது 0.400 சராசரி என்பது கனவு. 1941-ல் பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ், வயது 23, சீசனின் கடைசி நாள் காலையில் 0.39955 சராசரியில் இருந்தார். புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்துக்கு மேல் எழுதும் வழக்கம் இல்லை, ஆக அது 0.400 என்றே பதிவாகியிருக்கும். கை வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மனிதர் அன்றைக்கு நடந்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கி, எட்டு முறையில் ஆறு முறை அடித்து, 0.406-ல் முடித்தார். நம்மூரில் சதத்துக்கு ஐந்து ரன் இருக்கும்போது மட்டையைத் தடவிக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வரும்.

கே: பேஸ்பால் கிரிக்கெட்டின் பிள்ளையா, பங்காளியா? எங்கே பிறந்தது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், காவேரிப்பட்டணம்)

ப: பங்காளி, ஐயா. இரண்டும் இங்கிலாந்துப் பிள்ளைகளின் மட்டை பந்து விளையாட்டுகளிலிருந்து கிளைத்தவை. ஆனால் அமெரிக்கர்கள் அதை ஒத்துக்கொள்ள ரொம்ப நாள் எடுத்துக்கொண்டார்கள். 1905-ல் இதற்கென்றே ஒரு குழு போட்டு, நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்கிற சின்ன ஊரில் 1839-ல் ஆப்னர் டபிள்டே என்பவர் கண்டுபிடித்தார் என்று முடிவு கட்டினார்கள். ஆதாரம், ஒரு முதியவர் எழுதிய கடிதம். டபிள்டே உள்நாட்டுப் போரில் பேர் வாங்கிய தளபதி, 1839-ல் அவர் ராணுவக் கல்லூரியில் மாணவர், தான் எதையாவது கண்டுபிடித்ததாக வாழ்நாளில் அவர் சொன்னதே இல்லை. ஆனாலும் 1939-ல் அந்த ஊரில் பேஸ்பால் புகழ் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஜனங்கள் அங்கே போகிறார்கள், கதை பொய் என்று தெரிந்தே போகிறார்கள். நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, எந்த ஊர் தலபுராணத்தைக் கேட்டாலும் இதே கதைதான்.

நிஜமான தடயம் எது தெரியுமா? மாசசூசெட்ஸில் பிட்ஸ்ஃபீல்ட் என்கிற ஊரின் 1791-ஆம் வருஷத்து ஊராட்சித் தீர்மானம். புதிதாகக் கட்டிய சபைக்கூடத்தின் ஜன்னல்கள் உடையாமல் இருக்க, அதிலிருந்து 80 கஜத்துக்குள் கிரிக்கெட், பேஸ்பால் உள்பட எந்தப் பந்தும் ஆடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இது 2004-ல்தான் வெளியே தெரிந்தது. தளபதியும் இல்லை, மேதையும் இல்லை, கண்ணாடியை உடைத்த பையன்களும் கடுப்பான பெரியவர்களும். எந்தத் தெருவிலும் நடக்கிற வழக்குதானே.

முறையான விதிகளை 1845-ல் நியூயார்க் நிக்கர்பாக்கர் கிளப் எழுதியது. மறு வருஷம் ஜூன் 19 அன்று ஹோபோக்கனில் அந்த விதிப்படி இன்னோர் அணியோடு ஆடினார்கள். விதி எழுதியவர்கள் 23க்கு 1 என்று தோற்றார்கள். கிரிக்கெட் பங்கும் உண்டு: 1869-ல் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடவைத்த முதல் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை நடத்திய ஹாரி ரைட், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர்.

கே: கிரிக்கெட்டை விட உசத்தியா?
(பெயர் வேண்டாம், காரிமங்கலம்)

ப: இல்லை. ஆனால் பேஸ்பாலில் டக்வொர்த் லூயிஸ் இல்லை.

கே: நாங்கள் சின்ன வயதில் ஆடிய மைதானம் இப்போது பிளாட் போட்டு விற்றாயிற்று. பக்கத்தில் போனாலே மனசு பிசைகிறது. அமெரிக்காவில் இப்படியெல்லாம் நடக்குமா, இல்லை அங்கே எல்லாவற்றையும் பாதுகாக்கிறார்களா?
(சிறு வியாபாரி, பாலக்கோடு)

ப: நன்றாக நடக்கும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி ஆட்களைக் கேளுங்கள். டாட்ஜர்ஸ் அணிக்கு 1913-லிருந்து எபெட்ஸ் ஃபீல்ட் என்கிற மைதானம், நெருக்கமான தெருக்களுக்கு நடுவில். வருஷா வருஷம் கோப்பைக்குக் கிட்டே போய்த் தோற்று, 1955-ல்தான் முதல் தடவையாக ஜெயித்தார்கள். இரண்டே வருஷம், 1957 சீசன் முடிந்ததும் முதலாளி அணியையே தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டார். 1960-ல் மைதானத்தை இடித்தார்கள். இடிக்கிற இரும்புக் குண்டுக்கு பேஸ்பால் மாதிரி வெள்ளை அடித்து, சிவப்புத் தையல் வரைந்திருந்தார்களாம். அதைச் செய்த புண்ணியவானை என்ன சொல்ல! இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

ஆனால் எல்லா ஊரும் சும்மா விடவில்லை. டெட்ராய்ட்டில் 1912-ல் திறந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் 1999-ல் நடந்தது, 2009-ல் இடித்து முடித்தார்கள், இடம் புதர் மண்டிக் கிடந்தது. 2010-லிருந்து சில ரசிகர்கள் சொந்தமாகப் புல்வெட்டி கொண்டுவந்து, களை பிடுங்கி, பேஸ் பாதையைச் சீர்செய்து, தாங்களே அங்கே ஆட ஆரம்பித்தார்கள். அத்துமீறல் என்று போலீஸ் விரட்டியதும் உண்டு. விரட்டினால் போவார்கள், அப்புறம் மறுபடி வந்து புல் வெட்டுவார்கள். பிறகு அந்த இடம் பிள்ளைகள் விளையாடும் மைதானமானது, ஆனால் செயற்கைப் புல் போட்டுவிட்டார்கள், வெட்டியவர்களுக்கு அதில் ஏக வருத்தம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பிட்ஸ்பர்க். அங்கே ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் இருந்த இடம் இப்போது பல்கலைக்கழகம், பழைய மதில் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது, ஹோம் பிளேட்டை (பேட்டர் நின்று அடிக்கிற மூலையின் பலகை) கல்லூரிக் கட்டடத் தரையில் கண்ணாடி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், பையன்கள் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். 1960 அக்டோபர் 13 அன்று, கோப்பையை முடிவு செய்கிற உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பில் மாஸரோஸ்கி அந்த மதிலுக்கு மேலே அடித்த ஹோம் ரன்னில் (நம் சிக்ஸர் மாதிரி) பைரேட்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸை 10க்கு 9 என்று வென்றது. மணி மாலை 3.36. 1985-ல் அதே தேதியில் ஓர் ஆள் டேப் ரெக்கார்டரோடு அந்த மதிலடியில் தனியாகப் போய் உட்கார்ந்து, பழைய ரேடியோ வர்ணனையை முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் கேட்டார். அடுத்தடுத்த வருஷங்களில் மற்றவர்கள் சேர, இப்போது ஒரு கூட்டமே வருகிறது. நாற்காலி போட்டு, தின்பண்டம் வைத்துக்கொண்டு, முடிவு தெரிந்த ஆட்டத்தை முழுக்கக் கேட்டு, சரியாக 3.36-க்கு அந்த அடி வரும்படி நேரம் பார்த்து ஓடவிட்டு, வந்ததும் எழுந்து கத்துகிறார்கள்.

நீங்களும் உங்கள் பிளாட்டுக்கு முன்னால் ஒரு நாள் பழைய ஜோட்டாளிகளைச் சேர்த்து உட்காருங்கள். வீட்டுக்காரர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கே: பேஸ்பாலில் கறுப்பின ஆட்டக்காரர்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று படித்தேன். பிறகு ஈடுசெய்தார்களா?
(கல்லூரி ஆசிரியை, கிருஷ்ணகிரி)

ப: 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காக இறங்கும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் மேஜர் லீக்கில் அவர்களுக்கு வாசல் சாத்தியிருந்தது. அவர்கள் தனி லீக் நடத்திக்கொண்டார்கள், ரூப் ஃபாஸ்டர் 1920-ல் ஆரம்பித்தது அதில் முக்கியமானது. ஜோஷ் கிப்சன் என்று ஒரு கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி), அந்த லீக்குகளின் பெரிய அடிகாரர், 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். ராபின்சன் உள்ளே போக அப்போது மூன்று மாதம் பாக்கி.

ஈடு என்று எதைச் சொல்வது? 1997-ல் ராபின்சனின் 42-ஆம் எண்ணை எல்லா அணியிலும் நிறுத்திவைத்தார்கள், ஒவ்வொரு ஏப்ரல் 15-க்கும் எல்லோரும் அந்த எண்ணோடு ஆடுகிறார்கள். அது சடங்கு. அதைவிடப் பெரிய வேலை சத்தமில்லாமல் நடந்தது. அந்த லீக் ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகளைப் பழைய பத்திரிகைகளில், குறிப்பாகக் கறுப்பின மக்கள் நடத்திய பத்திரிகைகளில், ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கூட்டினார்கள். 2024-ல் மேஜர் லீக் அந்தக் கணக்கை அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்த்தது. உடனே வாழ்நாள் சராசரியில் கிப்சன் 0.372-உடன் முதலிடம் வந்தார், அதுவரை அங்கே இருந்த டை காப் இரண்டாமிடம். ஒரு சீசன் சராசரியிலும் கிப்சனின் 1943-ஆம் வருஷத்து 0.466-தான் இப்போது முதலிடம். செத்து 77 வருஷம் கழித்து ஒருவர் முதலிடம் வந்ததற்குக் காரணம், அன்றைக்கு அந்தச் சின்ன ஆட்டங்களை யாரோ உட்கார்ந்து எழுதி, யாரோ அச்சடித்ததுதான்.

கே: இந்தியர் யாராவது ஆடியிருக்கிறார்களா?
(பள்ளி மாணவர், ராயக்கோட்டை)

ப: ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், 2008-ல் ஒரு டிவி போட்டியில் வேகமாக எறிந்ததற்காகத் தேர்வாகி, அமெரிக்காவில் பயிற்சி எடுத்து, அதே வருஷம் பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். கீழ்நிலை லீக்குகளில் ஆடினார்கள், மேஜர் லீக் வரை போகவில்லை. ரிங்கு சிங் அப்புறம் மல்யுத்தக் காட்சிக்குப் போய்விட்டார்.

கே: எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வைத்து ஆடிப்பார்க்கலாம் என்று ஆசை. என்ன வேண்டும்?
(உடற்பயிற்சி ஆசிரியர், தேன்கனிக்கோட்டை)

ப: கேழ்வரகு அறுத்த காடு ஒன்று, டென்னிஸ் பந்து, நாலு கோணிப்பை. சின்னப் பிள்ளைகளுக்கு 90 அடி வேண்டாம், பேஸுக்குப் பேஸ் 60 அடி, பிட்சருக்கு 46 அடி போதும், அமெரிக்கச் சிறுவர் லீக்கிலும் அதுதான் அளவு. கிரிக்கெட் மட்டையை வைத்து ஆடினால் ஆட்டமே மாறிவிடும், உருண்டை மட்டைதான் வேண்டும். கடைசல் பட்டறையில் 28 அங்குல நீளம், தடித்த பக்கம் 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே என்று சொன்னால் கடைந்து தருவார்கள், பிடியின் முனையில் குமிழ் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மட்டை கைநழுவிப் பறந்து யார் மண்டையையாவது பதம் பார்க்கும். கிளவுஸ் விலை அதிகம், டென்னிஸ் பந்துக்கு அது தேவையில்லை. நிஜப் பந்துக்கு மாறும்போது மட்டும் கிளவுஸும் கேட்சருக்கு முகக்கவசமும் இல்லாமல் ஆட விடாதீர்கள். பந்து ஐந்து அவுன்ஸ்தான், கிரிக்கெட் பந்தைவிட லேசு, ஆனால் பட்டால் தெரியும்.

அப்புறம் ஒரு ஸ்கோர் நோட்டு. இதை மறக்காதீர்கள்.

கே: ஸ்கோர், கணக்கு, பதிவு என்று அதையே சொல்கிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?
(போன இதழுக்கே வந்த கடிதம், தர்மபுரி)

ப: ஆர்ச்சிபால்டு கிரஹாம் என்று ஒருவர். 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காகக் கடைசி இரண்டு இன்னிங்ஸ் ஃபீல்டிங் நின்றார். மட்டை பிடிக்கிற முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு மேஜர் லீக்கில் ஒரு ஆட்டமும் இல்லை. டாக்டருக்குப் படித்திருந்தவர், மின்னசோட்டாவில் சிஷோம் என்கிற சுரங்க ஊருக்குப் போய் ஆயுசு முழுக்க வைத்தியம் பார்த்தார். பதிவேட்டில் அவருக்கு ஒரே வரி: ஆட்டம் 1, மட்டை 0. பெரிய அடிகாரர் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் இருக்கிற அதே பதிவேடு.

இதைப் பார்க்கும்போது எனக்கு நம் பக்கத்து நடுகல் ஞாபகம் வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் வரிசையாக நிற்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டலாம். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு, யாருடைய சேவகன், யார் கவர்ந்த மாட்டை மீட்கப்போனான் என்று வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி, 'தொறு மீட்டுப் பட்டான்', அவ்வளவுதான். பெரிய ராஜா இல்லை, மாடு மீட்கப்போன ஆள். பக்கத்து மாவட்டத்தில் எடத்தனூர்க் கல்லில் கூட நின்ற நாய்க்கும் பெயர் இருக்கிறது, கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷமாக அந்த நாயின் பெயர் நிற்கிறது.

அந்த ஊர்க்காரர்களான நாம் இப்போது என்ன செய்கிறோம்? மாவட்டம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையானால் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். ஆள் உயரத்துக்குக் கோப்பை, சாலை நீளத்துக்கு பேனர், மைக்கில் வர்ணனை. ஸ்கோர் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம். ஆட்டம் முடிந்த மறு நிமிடம் அது காற்றில் போய்விடும். போன வருஷம் இறுதி ஆட்டத்தில் யார் எத்தனை அடித்தார்கள் என்று ஒரு டீக்கடையில் கேளுங்கள், ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள், அடித்தவர் சொல்வது எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில்கூட எந்த ஊர் மாடு எத்தனை நொடியில் ஓடியது என்று கணக்காகச் சொல்கிறார்கள். மாட்டுக்கு இருக்கிற பதிவு பையனுக்கு இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், கோப்பைக்குச் செலவு செய்கிற காசில் அது எந்த மூலைக்கு?

கே: பேஸ்பாலில் டிரா உண்டா? இரண்டு பக்கமும் சமமாகவே போய்க்கொண்டிருந்தால்?
(பள்ளி மாணவி, அரூர்)

ப: கிட்டத்தட்டக் கிடையாதும்மா. ஒருத்தர் ஜெயிக்கும்வரை இன்னிங்ஸ் போய்க்கொண்டே இருக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று 2020-லிருந்து மேஜர் லீக்கின் வழக்கமான சீசன் ஆட்டங்களில் கூடுதல் இன்னிங்ஸ்களை இரண்டாம் பேஸில் ஒரு ஆளை நிறுத்திவைத்தே தொடங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஓசியில் கொடுத்த பேஸ்.

அந்த விதி இல்லாத காலத்தில், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாட்டக்கெட் ஊரில் நடந்த கூத்தைக் கேள். 1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை ராத்திரி, கீழ்நிலை லீக் ஆட்டம், ரோச்சஸ்டர் அணியோடு. 9 இன்னிங்ஸ் முடிவில் 1க்கு 1. நடுராத்திரி தாண்டியும் ஓடியது. இத்தனை மணிக்கு மேல் புது இன்னிங்ஸ் கூடாது என்று லீக்கில் ஒரு விதி இருந்தது, அம்பயர் கையில் இருந்த விதிப் புத்தகத்தில் மட்டும் அந்த வரி இல்லை. குளிர் தாங்காமல் ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளைத் தொட்டியில் போட்டுக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். 21-ஆவது இன்னிங்ஸில் ரோச்சஸ்டர் ஒரு ரன் எடுக்க, அப்பாடா முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட, பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் ஒரு அடி அடித்து மறுபடி 2க்கு 2 ஆக்கிவிட்டார். சொந்த அணிக்காரர்களுக்கே அவரைக் கட்டிக்கொள்வதா நாலு போடுவதா என்று தெரியவில்லையாம். கடைசியில் லீக் தலைவரைப் போனில் பிடித்து, விடியக்காலை 4.07-க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து, இன்னமும் சமமாக இருக்கும்போது நிறுத்தினார்கள். அப்போது மிஞ்சியிருந்த பார்வையாளர்கள் 19 பேர். அத்தனை பேருக்கும் சீசன் பாஸ் கொடுத்தார்கள்.

மீதி ஆட்டத்தை ஜூன் 23-க்கு வைத்தார்கள். உலகமே பார்க்க வந்தது, பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள், அரங்கு கொள்ளாத கூட்டம். 33-ஆவது இன்னிங்ஸில் பாட்டக்கெட் 3க்கு 2 என்று ஜெயித்தது. மொத்தம் 18 நிமிடம்.